டி.என்.எஸ்ஸா, எல்.இ.எஸ்ஸா?

காற்றோ நீரோ சுழல் சுழலாகக் கலைந்து ஓடும் கொந்தளிப்பு ஓட்டத்தைக் கணினியில் போட்டுப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது டி.என்.எஸ்ஸா (நேரடி எண்முறைக் கணக்கீடு, DNS), எல்.இ.எஸ்ஸா (பெருஞ்சுழல் கணக்கீடு, LES) என்ற இந்தக் கேள்வியில்தான்.

செலவு: டி.என்.எஸ். மிகச் சின்னச் சுழல் வரை நேரடியாகக் கணக்கிடும், அதனால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் வேகமும் அளவும் கூடக் கூட, பிசுபிசுப்பு குறையக் குறைய ஏறும் எண்) பத்து மடங்கானால் கணக்கு வேலை ஏறக்குறைய ஆயிரம் மடங்காகிவிடும்.
எல்.இ.எஸ். பெரிய சுழல்களை மட்டும் கணக்கிட்டு, சின்னதைத் தோராயமான ஒரு கணித மாதிரியிடம் விட்டுவிடும். செலவு குறைவு. ஆனால் சுவரை ஒட்டிய பகுதியில் அதுவும் கணினி நேரத்தைத் தின்னும்.

நம்பகம்: டி.என்.எஸ்ஸில் மாதிரியே கிடையாது. 1987இல் கிம், மொயின், மோசர் மூவரும் சுமார் 40 லட்சம் புள்ளிகளில் செய்த கால்வாய் ஓட்டக் (இரண்டு இணைத் தட்டுகளுக்கு நடுவே ஓடும் ஓட்டம்) கணக்கோடு மற்றவர்கள் தங்கள் முடிவுகளை இன்றும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.
எல்.இ.எஸ்ஸில், சின்னச் சுழல்களுக்காக 1963இல் வந்த ஸ்மகோரின்ஸ்கி மாதிரியின் மாறிலியை ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்ற வேண்டியிருக்கும், எரிச்சல்தான்.

சரி, எது? சுவரோரக் கொந்தளிப்பின் இயற்பியலைத் தோண்டுகிறீர்கள் என்றால் டி.என்.எஸ். முழு விமான இறக்கை, காற்றாலை என்றால் யோசிக்காமல் எல்.இ.எஸ்.