இழுவிசைக் கணக்குக்கு எந்த சால்வர்? ஓப்பன்ஃபோமுடன் ஐந்து வருடம்

வண்டிகளின் காற்று இழுவிசையைக் கணக்கிட ஐந்து வருடமாக, காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். உரிமக் கட்டணம் இல்லை என்பதால் எடுத்தேன். இன்றுவரை விடாததற்குக் காரணம் வேறு: கேஸ் (ஒரு கணக்குக்கான மொத்த அமைப்பு) முழுவதும் வெறும் எழுத்துக் கோப்புகள். எந்த எல்லை நிபந்தனை (கணக்குப் பகுதியின் ஓரங்களில் காற்று எப்படி இருக்கும் என்ற விதி) கொடுத்தேன் என்று மூன்று வருடம் கழித்தும் திறந்து பார்த்துவிடலாம்.

இதே வேலைக்கான எஸ்யூ2 என்ற மென்பொருளையும் முயன்றேன். அது ஸ்டான்ஃபோர்டில் விமான வடிவமைப்பை மனதில் வைத்துப் பிறந்தது. ஒலி வேகத்தை நெருங்கும் இறக்கை என்றால் இன்றும் அதைத்தான் சொல்வேன். மணிக்கு 100 கி.மீ. போகும் வண்டிக்கோ காற்று அமுங்குவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம், ஓப்பன்ஃபோமில் நேரத்தோடு மாறாத சராசரி ஓட்டத்தைக் கணக்கிடும் சால்வரான (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) சிம்பிள்ஃபோம் போதும்.

போதுமா என்பதை அகமது பாடியில் ஓட்டிப் பாருங்கள். 1984-ல் வெளியான எளிய கார் வடிவம், நீளம் 1044 மி.மீ. பின்சரிவு (கூரை பின்னால் சாயும் கோணம்) 35 டிகிரி என்றால் காற்று சரிவின் மேல் விளிம்பிலேயே பிரிந்துவிடும். சிம்பிள்ஃபோமும் கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற கொந்தளிப்பு மாடலும் அதை நன்றாகவே பிடிக்கின்றன. 25 டிகிரிதான் உண்மையான பரீட்சை. அங்கே காற்று பிரிந்து, திரும்பவும் சரிவில் ஒட்டும். இரு ஓரங்களிலும் நீளச் சுழல்கள் உருளும். எஸ்எஸ்டி மாடலில் காற்று ஒட்டவே ஒட்டாது. சோதனையில் கிடைத்த இழுவைக் கெழு (இழுவிசையை வேகமும் பரப்பும் சாராமல் சொல்லும் எண்) 0.285. உங்களுக்கு அதை ஒட்டிய எண் வந்தால்கூட நம்பிவிடாதீர்கள், சரிவின் மேல் அழுத்தம் எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள். பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டும் சரியான எண் வரும்.

அப்புறம் நான் இந்த மாதிரி வடிவங்களுக்கு பிம்பிள்ஃபோமில் (நேரத்தோடு மாறும் ஓட்டத்துக்கான சால்வர்) டிடிஇஎஸ் முறைக்கு மாறினேன்; அது பெரிய சுழல்களை மாடலுக்கு விடாமல் நேரடியாகவே கணக்கிடும். சிம்பிள்ஃபோம் ஓர் இரவில் முடிப்பதற்கு இது ஒரு வாரம் கேட்கிறது. கண்ணாடி, சக்கர மூடி போன்ற சின்ன மாற்றங்களை ஒப்பிட இன்னமும் சிம்பிள்ஃபோம்தான். பின்சரிவை மாற்றினால் மட்டும் அதன் தரவரிசையை நான் ஏற்பதில்லை.

மெஷ் (காற்றுவெளியைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலை) பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஓப்பன்ஃபோமின் மெஷ் கருவியான ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் கூரிய விளிம்புகளில் எல்லைப் படலத்துக்கான (பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம்) மெஷ் அடுக்குகளைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். ஓட்டும் முன் அடுக்கு எண்ணிக்கையைப் படமாகப் பார்த்துவிடுங்கள்.

பாதி மாடல் (வண்டியை நீளவாக்கில் பிளந்து ஒரு பாதி மட்டும்) ஓட்டினால் கெழுக் கணக்குக்குத் தரும் முகப்புப் பரப்பையும் பாதியாகக் கொடுக்க வேண்டும். முதல் வருடம் அதை மறந்து, பாதிக் கெழுவோடு ஓர் அறிக்கையே அனுப்பிவிட்டு, மறுநாள் திருத்தி அனுப்பினேன். டிடிஇஎஸ் என்றால் முழு மாடல்தான்: வண்டியின் பின்னால் சுழல்கள் இடவலமாக ஆடும், நடுவில் சமச்சீர்த் தளம் வைத்தால் அந்த ஆட்டம் அடைபட்டுவிடும்.