டாக்டர்களுக்கான இன்டெம்னிட்டி பாலிசி: வழக்கு வந்தால் எவ்வளவு கைகொடுக்கும்?

சிகிச்சையில் தவறு என்று நோயாளி வழக்கு போட்டால் இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் ஏற்கும் இன்சூரன்ஸ்தான் இன்டெம்னிட்டி பாலிசி. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் விற்கும் இந்தப் பாலிசி, பிராக்டிஸ் செய்யும் எந்த டாக்டருக்கும் அவசியம். 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டண மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆனால் பிரீமியம் குறைவு என்பதற்காக மட்டும் வாங்கினால், தேவைப்படும்போது கைவிட்டுவிடும்.

முதலில் ரெட்ரோஆக்டிவ் தேதியை, அதாவது பாதுகாப்பு எந்த நாளிலிருந்து கணக்கு என்று பாலிசியில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். சிகிச்சை அந்தத் தேதிக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும். வழக்கு வரும் நாளிலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. எனவே இடையில் ஒரு வருடம் புதுப்பிக்காமல் விட்டாலோ, ஓய்வுபெற்ற கையோடு நிறுத்தினாலோ, பழைய ஆபரேஷன்களுக்குப் பாதுகாப்பு போய்விடும். இன்சூரன்ஸ் நிறுவனம் மாறும்போது பழைய தேதியையே புதிய பாலிசியிலும் போடச் சொல்லுங்கள்.

அடுத்து வரம்பு. 1 கோடி என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள்; அது வருடத்துக்கான மொத்த வரம்பு. ஒரு வழக்குக்கான வரம்புக்கும் வருட வரம்புக்கும் உள்ள விகிதம் 1:4 என்றால் ஒரு வழக்குக்கு 25 லட்சம்தான், பெரும்பாலும் வக்கீல் செலவும் அதற்குள்ளேயே. அறுவை சிகிச்சை, மகப்பேறு, மயக்கவியல் டாக்டர்கள் பிரீமியம் கூடினாலும் 1:1 எடுப்பதே நல்லது.

இந்தப் பாலிசியின் உண்மையான பலம் இழப்பீட்டுப் பணத்தைவிட வழக்கை நடத்தித் தருவதில்தான் இருக்கிறது. பலவீனமும் அங்கேதான். ஆணையத்தின் நோட்டீஸ் புகார் நகலோடு கைக்கு வந்த நாளிலிருந்து பதிலுரைக்கு 30 நாள். கூடுதலாக 15 நாள் கேட்கலாம். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் நிறுவனம் தன் பட்டியலிலுள்ள வக்கீலை (பேனல் வக்கீல்) நியமிக்கும் கோப்பு நகரவே இந்த அவகாசத்தில் பாதி போய்விடக்கூடும். ஆகவே முதல் வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றே, கேஸ் ஷீட் (நோயாளியின் சிகிச்சைப் பதிவேடு), சம்மதப் படிவ நகல்களோடு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கேஸ் ஷீட்டில் பிறகு ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். திருத்தம் தெரிந்தால் நல்ல வழக்கும் தோற்கும். நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதமின்றித் தவறை ஒப்புக்கொண்டாலோ சமரசப் பணம் கொடுத்தாலோ கிளெய்ம் மறுக்கப்படும். நல்லெண்ணத்தில் பில்லைத் திருப்பிக் கொடுப்பதும் இதில் சிக்கலாகலாம்.

போலீஸ் வழக்குச் செலவு பல பாலிசிகளில் கிடையாது, கேட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரி தனக்கென எடுத்திருக்கும் பாலிசி விசிட்டிங் கன்சல்டன்ட்டுக்கும் (வெளியிலிருந்து வந்து பார்க்கும் டாக்டருக்கும்) பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் பெயர் அதில் இல்லையென்றால் தனியாக எடுத்தே ஆக வேண்டும்.