வட்டுகளில் நீராவி: வெப் தொலைநோக்கியா, தரைத் தொலைநோக்கிகளா?

இளம் விண்மீன்களைச் சுற்றிக் கோள்கள் உருவாகும் வாயு-தூசி வட்டுகளில் நீராவி இருக்கிறதா என்ற கேள்விக்கு 2008-லேயே பதில் கிடைத்துவிட்டது. ஏஏ டாரி என்ற இளம் விண்மீனின் வட்டில் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி நீராவியின் அகச்சிவப்புக் கோடுகளை, அதாவது குறிப்பிட்ட அலைநீளங்களில் நீர் விடும் ஒளியை, வரிசையாகக் காட்டியது. அந்த நீர் வட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றைய கேள்வி. அதற்குப் பதில் தேடுவதில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் மிரி என்ற அகச்சிவப்புக் கருவிக்கும், ஒளியை மிக நுட்பமாக அலைநீளம் பிரித்துக் காட்டும் தரையிலுள்ள நுண்பிரிதிறன் நிறமாலைமானிகளுக்கும்தான் போட்டி.

மிரிக்குக் குறுக்கே வளிமண்டலம் கிடையாது. சுமார் 5 முதல் 28 மைக்ரான் வரை அத்தனை கோடுகளையும் அதனால் பார்க்க முடிகிறது. குறுகிய அலைநீளக் கோடுகள் பெரும்பாலும் விண்மீனை ஒட்டிய சூடான நீரிலிருந்தும், நீண்டவை பனிக்கோட்டை (அதற்கு வெளியே நீர் பனியாக உறைந்திருக்கும் எல்லையை) நெருங்கிய குளிர்ந்த நீரிலிருந்தும் வருகின்றன. 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு நான்கு வட்டுகளை ஒப்பிட்டது. ஜிகே டாரி, எச்பி டாரி இரண்டும் சிறிய, நெருக்கமான வட்டுகள். சிஐ டாரி, ஐக்யூ டாரி இரண்டும் இடைவெளிகளும் வளையங்களும் கொண்ட பெரிய வட்டுகள். சிறிய வட்டுகளில்தான் குளிர்ந்த நீரின் ஒளி அதிகம். காரணம் இதுதான்: வட்டிலுள்ள வாயு கூழாங்கல் அளவுள்ள பனித்துண்டுகளைவிடச் சற்று மெதுவாகச் சுற்றுகிறது. எதிர்க்காற்றில் சிக்கியதுபோல் துண்டுகள் வேகம் குறைந்து உள்நோக்கி நகர்ந்து, பனிக்கோட்டைத் தாண்டியதும் ஆவியாகின்றன. பெரிய வட்டுகளிலோ வளையங்கள் அவற்றை வழியிலேயே பிடித்து வைத்துவிடுகின்றன. பல ஆண்டுகளாகக் கோட்பாடாக இருந்த இந்த நகர்வுக்கு இப்படி நேரடித் தடயம் கிடைத்தது, என் பார்வையில், மிரியின் மிகப் பெரிய சாதனை.

ஆனால் மிரிக்கு ஒரு குறை உண்டு. நொடிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்குக் குறைந்த வேக வித்தியாசத்தை அதனால் பிரித்தறிய முடியாது. சூரியனின் நிறையுள்ள விண்மீனை ஒரு வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம்) தொலைவில் சுற்றும் வாயுவின் வேகமே நொடிக்கு 30 கிலோமீட்டர்தான். ஆகவே மிரி காட்டுவது நீரின் வெப்பநிலையை. இடத்தைக் கணக்கீட்டு மாதிரிகளை வைத்துத்தான் கணிக்க வேண்டும். தரைக் கருவிகளில் சில நொடிக்கு 3 கிலோமீட்டர் வித்தியாசத்தையே பிரித்துவிடும். கோட்டின் அகலத்தை அளந்தால் வாயுவின் வேகம் தெரியும். வட்டின் சாய்வும் விண்மீனின் நிறையும் தெரிந்திருந்தால் தொலைவும் கிடைத்துவிடும்.

சரி, தரைக்கு என்ன தடை? நம் வளிமண்டல நீராவியேதான். பூமியின் ஓட்டம் உண்டாக்கும் டாப்ளர் விளைவால் (வேகத்தால் அலைநீளம் மாறுவதால்) வட்டின் கோடுகள் வளிமண்டலக் கோடுகளிலிருந்து சற்று விலகித் தெரியும் மாதங்களைத் தேர்ந்தெடுத்துக் கவனிப்பார்கள். அப்படியும் சூடான நீரின் கோடுகள்தான் நன்றாகத் தப்பி வருகின்றன. குளிர்ந்த நீரின் கோடுகளை வளிமண்டலம் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. மங்கலான வட்டுகளுக்கும் இந்த வழி ஒத்துவராது.

மில்லிமீட்டர் அலையில் பார்க்கும் அல்மா என்ற தரைத் தொலைநோக்கி வரிசை தனி ரகம். 2024-ல் எச்எல் டாரி வட்டின் நீராவியை அது படமாகவே காட்டியது. ஆனால் இப்படிப் படமெடுக்க ஏற்ற வட்டுகள் குறைவு.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் யோசிக்காமல் மிரி என்பேன். பனிக்கோட்டுக் கதை முழுவதும் குளிர்ந்த நீரில்தான் இருக்கிறது. ஆனால் பிரகாசமான வட்டு என்றால் தரை அளவீட்டையும் சேர்த்தே கேட்பேன். சூடான நீரின் இடம் உறுதியான பிறகு, மிரி காட்டும் குளிர்ந்த நீரைத் தனியே பிரித்தெடுப்பது அவ்வளவு எளிதாகிவிடுகிறது.