தமிழ்நாடு எக்ஸ்பிரஸா, ஜி.டி.யா? ஸ்லீப்பரா, ஏ.சி.யா?

சென்னை சென்ட்ரலிலிருந்து புது டெல்லிக்கு ரயிலில் 2,182 கிலோமீட்டர். தினமும் இந்தத் தூரத்தை ஓடும் வண்டிகளில் பேர்போனவை இரண்டு. ஒன்று தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், இன்னொன்று கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் என்கிற ஜி.டி. இரண்டும் ஒரே பாதையில்தான் போகின்றன: விஜயவாடா, வாரங்கல், பல்லார்ஷா, நாக்பூர், இட்டார்சி, போபால், ஜான்சி, குவாலியர், ஆக்ரா. இரண்டிலும் இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு முழுப் பகல். இரண்டுமே சூப்பர்ஃபாஸ்ட் என்பதால் டிக்கெட் விலையிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அப்புறம் எதற்கு ஒப்பீடு என்றால், அந்தப் பகல் எந்த ஊர்களின் வழியாகக் கழிகிறது, அந்த ராத்திரிகளில் எத்தனை தடவை தூக்கம் கலைகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

வயதில் மூத்தது ஜி.டி. காஜிப்பேட்டைக்கும் பல்லார்ஷாவுக்கும் இடையில் விடுபட்டிருந்த பாதை முடிந்த 1929ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் பெஷாவரிலிருந்து மங்களூர் வரை. ஏறி இறங்க நாலு நாளுக்கு மேல் ஆகும். இன்றைக்கு ஓடுவது அந்தப் பழைய வண்டியின் நடுத்துண்டு என்று சொல்லலாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976இல் வந்தது. குறைவாக நின்று சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே விட்ட வண்டி. நிற்கும் ஊர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். ஜி.டி. முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் நிற்கிறது. இவ்வளவு நின்றும் இரண்டுக்கும் இடையே நேர வித்தியாசம் இரண்டு மணி சொச்சம்தான். முப்பத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் இரண்டு மணி பெரிய பாரமா?

முதல் ராத்திரியைப் பொறுத்தவரை தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு முன்னால் ஜி.டி. நிற்கவே முடியாது. இரவு பத்து மணிவாக்கில் சென்ட்ரலை விட்டால் அடுத்த நிறுத்தம் விஜயவாடாதான். 430 கிலோமீட்டர் சொச்சம், கதவுப் பக்கம் ஒரு சத்தம் இருக்காது. ஜி.டி. மாலையிலேயே கிளம்பி கூடூர், நெல்லூர், ஓங்கோல், தெனாலி என்று நின்று நின்று போகும். ஒவ்வொரு ஊரிலும் யாராவது விளக்கைப் போட்டு, செல்போன் வெளிச்சத்தில் பெர்த் நம்பரைத் தேடி, “இது இருபத்தொண்ணுதானே?” என்று நம்மையே எழுப்பிக் கேட்பார்கள். தூக்கம் மெல்லியவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திவிட்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போட்டுவிடலாம்.

ஆனால் பகல் விடிந்ததும் கணக்கு மாறும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடும். சாப்பாடு, டீ எல்லாம் பேன்ட்ரி காரை நம்பித்தான். ஜி.டி.யில் சிர்பூர் காகஸ்நகர், சந்திராபூர், சேவாகிராம், ஆம்லா, பேத்துல் என்று சின்ன ஊர்களிலெல்லாம் ஆட்கள் ஏறி இறங்குவார்கள். எதிர் சீட்டில் தெலுங்கு போய் மராத்தி வரும், மராத்தி போய் இந்தி வரும். இறங்கிக் கால் நீட்டிக்கொள்ள இடம் கிடைக்கும். சீசனில் நாக்பூர் ஆரஞ்சு இரண்டு வண்டிக்கும் பொது. அங்கே இரண்டுமே கொஞ்சம் சாவகாசமாக நிற்கும்.

இந்தப் பாதையில் பார்க்க வேண்டிய இடம் எது என்று என்னைக் கேட்டால் சத்புரா மலைதான் என்பேன். நாக்பூரைத் தாண்டி ஆம்லா, பேத்துல் வழியாக இட்டார்சிக்கு இறங்கும் பகுதி. குகைகள், வளைவுகள், இரண்டு பக்கமும் தேக்கு. அப்புறம் இட்டார்சிக்கு வடக்கே நர்மதைப் பாலம். பெட்டியில் பாதிப் பேர் கை கூப்புவார்கள், சிலர் சில்லறையைத் தூக்கிப் போடுவார்கள். பாலம் முடிந்து புத்னி, பர்கேடா மலைச்சரிவு. முன்னூறு நானூறு கிலோமீட்டர் சமவெளியைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இது போதும். டெல்லிக்குப் போகும்போது ஜி.டி. இந்தப் பகுதியை நல்ல பிற்பகல் வெளிச்சத்தில் கடக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நாக்பூருக்கே பிற்பகலில்தான் வரும். இட்டார்சிக்குள் பொழுது சாய்ந்துவிடும். டிசம்பரில் நர்மதையைக் காதால்தான் பார்க்க வேண்டும், இரும்புப் பாலத்தின் தடதட சத்தத்தை வைத்து.

திரும்பி வரும்போது இது அப்படியே தலைகீழ். ஜி.டி. டெல்லியை மாலை நாலு மணி சுமாருக்கு விடுவதால் போபாலும் நர்மதையும் நடு ராத்திரியில் போய்விடும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவில்தான் கிளம்புகிறது, ஆகவே சத்புரா மலை காலை வெயிலில் கிடைக்கும். அதனால் இரு வண்டிக்கும் ஒரே மார்க் போட என்னால் முடியவில்லை. போக ஜி.டி., வர தமிழ்நாடு. ஒரே வண்டியில் போக வர டிக்கெட் எடுத்துவிடுகிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது; பார்க்கப் போனால் இந்தப் பாதையில் அது நஷ்டம்.

ராஜதானியை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். சென்னையிலிருந்து வாரம் இரண்டு நாள், அதிகாலையில் கிளம்பி மறுநாள் முற்பகலில் ஹஸ்ரத் நிஜாமுதீனில் விடும். சுமார் 28 மணி நேரம், ஒரே ஒரு ராத்திரி. ஸ்லீப்பர் வகுப்பே கிடையாது. 2016 செப்டம்பரிலிருந்து இதற்கு ஏறும் கட்டணம்: பத்து சதவீத பெர்த் விற்றதும் அடிப்படைக் கட்டணம் பத்து சதவீதம் ஏறும், இன்னொரு பத்து விற்றால் இன்னொரு பத்து, ஒன்றரை மடங்கை நெருங்கும் வரை. சாப்பாட்டுக்கும் சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம். சூப்பில் தொடங்கி ஐஸ்கிரீமில் முடியும். முற்பகல் முழுவதும் ஆந்திரக் கடலோர வயல்கள், உச்சி வெயிலில் கிருஷ்ணா நதி, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சத்புராவை மட்டும் இருட்டில் தாண்டிவிடும். கட்டணம் உச்சத்தில் இருக்கும் நாளில் விமான டிக்கெட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. அலுவலகம் பணம் கொடுத்தால் யோசிக்காமல் ஏறுங்கள்.

எந்தப் பெட்டி?

வண்டியைவிட இதுதான் பெரிய கேள்வி. மூன்றாம் ஏ.சி. கட்டணம் ஸ்லீப்பர் கட்டணத்தைப் போல இரண்டரை மடங்கு. ஏ.சி.க்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வேறு, ஸ்லீப்பருக்கு அது கிடையாது. நாலு பேர் குடும்பம் என்றால் வித்தியாசத் தொகையில் டெல்லியில் இரண்டு நாள் தங்கிவிடலாம். இவ்வளவு கூடக் கொடுத்து என்ன வாங்குகிறோம்? குளிர்ந்த காற்று, விரிப்பு, கம்பளி, தலையணை என்று சொல்வார்கள். என் கணக்கில் அந்தப் பணத்தில் பாதி கதவுக்குப் போகிறது. அதாவது நம் பெட்டிக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பது ஏ.சி.யில் ஓரளவு நடைமுறையில் இருக்கிறது. ஸ்லீப்பரில் அது எழுத்தில் மட்டும்.

இரண்டாவது ராத்திரியில்தான் இது தெரியும். போபால், ஜான்சி, குவாலியரில் குறைந்த தூரம் போகிறவர்கள் ஜெனரல் டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் ஏறிவிடுவார்கள். “தோடா அட்ஜஸ்ட்” என்று கால்மாட்டில் உட்கார்ந்தவர் அரை மணியில் சாய்ந்து, ஒரு மணியில் படுத்தும்விடுவார். அவர்களைத் திட்டிப் பயனில்லை. இவ்வளவு நீள வண்டியில் ஜெனரல் பெட்டி ஒரு சிலதான். அதற்குள் நிற்கக்கூட இடம் இருக்காது. டி.டி.ஆர். வந்தால் எழுந்து நகர்வார்கள், அவர் போனதும் திரும்ப உட்காருவார்கள். காத்திருப்புப் பட்டியலில் உள்ளவர்கள் முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது என்று விதி தெளிவாகவே இருக்கிறது. நடப்பு வேறு. ஓரத்தில் இருக்கும் சைடு லோயர் பெர்த்தில் இது அதிகம். அப்பர் பெர்த்துக்கு யாரும் ஏறி வரமாட்டார்கள். ஸ்லீப்பரில் தனியாகப் போகிறவருக்கு அப்பர்தான் சரி, வெயில் காலம் தவிர.

வெயில் காலம் என்றால் சாதாரண வெயில் இல்லை. சென்னையிலிருந்து போகும்போது இரண்டு வண்டியுமே தெலங்கானாவின் வடக்கையும் விதர்பாவையும் பகலில்தான் கடக்கின்றன; தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு அது சரியாக உச்சி நேரம். மே மாதம் சந்திராபூர் பக்கம் 45 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பெட்டியின் கூரை தகதகக்கும், அப்பர் பெர்த்தில் படுத்திருப்பவர் தோசைக்கல்லில் கிடப்பவர்தான். மின்விசிறி அந்தச் சூட்டையே நம் முகத்தில் திருப்பி அடிக்கும். ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். சென்னையில் கட்டிய தயிர்சாதம் பல்லார்ஷாவுக்குள் புளித்துவிடும், புளியோதரைதான் தாக்குப்பிடிக்கும். தண்ணீருக்கே தனிச் செலவு. ரயில் நீர் ஒரு லிட்டர் பாட்டில் 2025 செப்டம்பரிலிருந்து 14 ரூபாய். சில்லறை இல்லை என்று 20 கேட்பவர்களும் வருவார்கள், பாட்டிலில் உள்ள விலையைக் காட்டினால் போதும்.

ஜனவரியில் வேறு தொல்லை. போபாலுக்கு வடக்கே ஸ்லீப்பர் ஷட்டரின் இடுக்கு வழியாக வரும் குளிர் சென்னைக்காரர்களின் ஸ்வெட்டருக்கு அடங்காது. விரிப்பு, கம்பளி எதுவும் கொடுக்கமாட்டார்கள்; கையோடு கொண்டுபோக வேண்டும். பனிமூட்டத்தால் டெல்லிப் பக்கம் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும். அப்படித் தாமதமாகும் வண்டியில் எந்த வகுப்பில் இருக்கிறோம் என்பது கூடுதலாக உறைக்கும்.

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஸ்லீப்பருக்கு ஈடு கிடையாது. ஏ.சி. பெட்டியின் மூடிய கண்ணாடி பாதி நேரம் அழுக்காகவோ ஆவி படிந்தோ இருக்கும். ஸ்லீப்பரில் ஷட்டரைத் தூக்கிவிட்டால் மலையும் மழையும் நேராக முகத்துக்கு வரும். விற்பவர்கள் தடையில்லாமல் உள்ளே வருவார்கள்: வேர்க்கடலை, சமோசா, எலுமிச்சை பிழிந்த கொண்டைக்கடலை. பக்கத்து பெர்த்தில் விடுப்பு முடிந்து திரும்பும் ராணுவக்காரர் இருப்பார், டெல்லியில் படிக்கப் போகும் பையன் இருப்பான், சொந்த ஊர் போகும் கட்டடத் தொழிலாளி இருப்பார். மூன்றாம் ஏ.சி.யிலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். ஆனால் ஏறின அரை மணியில் காதில் இயர்போன், தலைக்கு மேல் போர்வை.

2021இல் வந்த மூன்றாம் ஏ.சி. எகானமி பற்றி ஒரு வார்த்தை. எல்.எச்.பி. என்கிற புது ரகப் பெட்டியில் வழக்கமான மூன்றாம் ஏ.சி.க்கு 72 பெர்த் என்றால் இதில் எண்பதுக்கும் மேல். கட்டணம் சற்றே குறைவு, கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியுமளவு குறைவு. ஒரு ராத்திரிப் பயணத்துக்கு ஓகே. இரண்டு ராத்திரிக்கு நான் போடமாட்டேன்.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் இரண்டாம் ஏ.சி.யைப் பாருங்கள். மிடில் பெர்த் என்பதே இல்லை. பகலில் மிடில் பெர்த்தை மடக்குவதற்காக யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. முடியாது, மூன்றாம் ஏ.சி.தான் என்றால் லோயர் பெர்த் கோட்டாவில் போடுங்கள்: ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது முதல். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றதுதான், திரும்ப வரவில்லை. தனியாகவோ தோழிகளோடோ போகும் பெண்கள் ஸ்லீப்பரிலேயே போக நினைத்தால் லேடீஸ் கோட்டாவைத் தேடுங்கள். நெடுந்தூர வண்டிகளில் ஆறு பெர்த் அதற்கென்று இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்களும் பெண்களாக அமைய வாய்ப்பு அதிகம். வழியில் ஏதாவது என்றால் ரயில்வே உதவி எண் 139.

முன்பதிவு முன்பு போல நாலு மாதத்துக்கு முன் இல்லை. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். காலை எட்டு மணிக்குத் திறக்கும்போதே உட்கார்ந்தால் ஜி.டி., தமிழ்நாடு இரண்டையும் பார்த்து எடுக்கலாம். தத்கால் என்றால் முந்தைய நாள் ஏ.சி.க்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினோரு மணி. ஆன்லைனில் ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் நடக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் பாதி வரை போக வேண்டி வந்தால் சத்புரா, நர்மதை, தூக்கம் என்று மேலே சொன்ன எதையும் பார்க்க வேண்டாம். இரண்டில் எந்த வண்டியில் ஏ.சி. கன்ஃபர்ம் ஆகிறதோ அதில் ஏறுங்கள்.