மொறிஸ் மைனரின் கியர்க் குமிழ்: கழற்றிய கதையும் மூன்று வருடப் பாவனையும்

எங்கள் வீட்டில் நிற்பது 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, 948 சிசி. அப்பா யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய கார். பெற்றோல் தடைக் காலத்தில் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. அப்படிப்பட்ட காரில் என்னை மூன்று நாள் மினக்கெடுத்தியது கியர்த் தடியின் தலையில் இருக்கும் கறுப்புக் குமிழ்.

தடியின் அடியில் உள்ள றப்பர் உறை கிழிந்துவிட்டது. புதியதை மேலாலேதான் நுழைக்க வேண்டும், அதற்குக் குமிழ் கழர வேண்டும். கையால் திருகினேன், அசையவில்லை. கீழே ஒரு மெல்லிய பூட்டு நட் தெரிந்தது. ஸ்பனரைப் போட்டு, வழக்கமாக நட் கழற்றுவதுபோல இடப்பக்கம் திருப்பினேன். கல்லுப்போல் நின்றது. துரு என்று நினைத்து இரவு முழுக்க எண்ணெயில் ஊறவைத்தேன். மறுநாள் வைஸ்கிறிப்பால் (இறுகப் பூட்டிப் பிடிக்கும் குறடு) குமிழையே பிடித்ததில் ஓரம் வெடித்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் கராஜ் அண்ணை வந்து பார்த்துச் சிரித்தார். "தம்பி, நீ கழட்டேல்லை. நட்டை மேலை ஏத்தி இறுக்கிக்கொண்டெல்லோ இருக்கிறாய்."

விஷயம் இவ்வளவுதான். நட் குமிழை அடியிலிருந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. அது விலகக் கீழே இறங்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் மணிக்கூட்டு முள் போகும் பக்கம். குமிழைக் கழற்றத் திருப்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். நான் இடப்பக்கம் திருப்பத் திருப்ப இரண்டும் ஒன்றையொன்று கவ்வி, தடியே சுழலப் பார்த்திருக்கிறது. அண்ணை தடியில் தோல் துண்டு சுற்றி வைஸ்கிறிப்பால் பிடிக்கச் சொன்னார், நட்டை இறக்கினார். பிறகு சுடுதண்ணீரில் நனைத்த துணியால் குமிழைக் கொஞ்சநேரம் மூடி, பழைய சைக்கிள் ரியூப்பை வரிந்து சுற்றித் திருகினார். கழன்றுவிட்டது.

வெடித்ததற்குப் பதிலாக இணையத்தில் ஒரு அலுமினியக் குமிழ் வாங்கினேன். பழைய ஆங்கிலக் கார் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தார்கள். தடியின் புரி 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீற்றர். வந்தது 8 மில்லிமீற்றர் மெற்றிக் புரி. முதல் ஒன்றரைச் சுற்று அழகாகப் போகும், பிறகு இறுகும். அங்குலத்துக்கு 24 புரி, அதாவது புரிக்குப் புரி ஏறக்குறைய 1.06 மில்லிமீற்றர் உள்ள தடியில் 1.25 மில்லிமீற்றர் இடைவெளிப் புரி எப்படி ஏறும்? புத்தி இல்லாமல் ரேப் சுற்றி ஒட்டி ஓடினேன்.

பதினொரு மாதம். மதியம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் கைலேஞ்சி இல்லாமல் தொடமுடியாது. கடைசியில் ஒருநாள் சந்தியில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்க, குமிழ் கையோடு வந்துவிட்டது. ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்றோமெஷ் முதல் கியருக்கு இல்லாத வண்டி. தடியின் மொட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அப்புறம் பழைய குமிழையே தேடி எடுத்து, வெடிப்பை எபொக்ஸியால் அடைத்து, அரத்தாளால் தேய்த்துப் போட்டேன். நல்லவேளை, தடியின் புரி பழுதாகவில்லை. புரியில் துளி கிறீஸ், குமிழ் கையிறுக்கம், நட்டுக்கு மட்டும் ஸ்பனர் கால் சுற்று. இரண்டு வருடமாக அசையவில்லை, வெயிலில் அவ்வளவாகச் சுடுவதுமில்லை. கியர் இலக்கங்கள் தேய்ந்து போயின. எந்தக் கியர் எங்கே என்று தெரியாதவரிடம் இந்தக் காரை நான் கொடுக்கப் போவதுமில்லை.

புது றப்பர்தான் இப்போதே மடிப்புகளில் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி கழற்ற வேண்டும். சைக்கிள் ரியூப்பை எறியாமல் வைத்திருக்கிறேன்.