கறள் பிடிச்ச டிஸ்க் ஸ்க்ரூவுக்கு சுத்தியலால அடிக்கிற இம்பாக்ட் டிரைவர்: ரெண்டு வருசம் பாவிச்ச அனுபவம்

கல்லடியில ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவுல நம்மட வீடு. காரை ராவு பகலா வெளியில விட்டா அடியில ஒரு ஆணியும் சும்மா கழராது. உப்புக் காத்து ஈரத்தை இழுத்து வச்சிருக்கும், மாரி மழைக்கு ரோட்டுத் தண்ணியும் சேந்தா கேக்கவே வேணாம். கறள் எண்டது அந்த இரும்பு இருந்ததை விட கூட இடம் பிடிக்கிற சாமான், அதாலதான் மரைக்குள்ள ஊதி இறுக்கிப்போட்டு நிக்கும்.

நான் சொல்ல வாறது பட்டறியில ஓடுற இம்பாக்ட் இல்ல. கையில பிடிச்சி பின்னால சுத்தியலால அடிக்கிற, பாத்தா இரும்புக் குழாய்த் துண்டு மாதிரி ஒரு சாமான். மட்டக்களப்பு டவுன்ல ஒரு ஹார்ட்வெயார் கடையில 3,200 ரூபாக்கு வாங்கினன், பெட்டிக்குள்ள நாலு பிட் (முன்னால பூட்டுற முனைத் துண்டு) இருந்திச்சி.

வாங்கின காரணம் முன் பிரேக் டிஸ்க். என்ட ஹொண்டா ஃபிட்ல டிஸ்க்கை ஹப்போட (சில்லு பூட்டுற நடுத் துண்டோட) சேத்துப் பிடிக்க ரெண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கு, எம்6 சைஸ், தலை டிஸ்க்குக்குள்ள அமிஞ்சி கிடக்கும். சில்லைக் கழட்டிட்டு வீட்டுல இருந்த 2ம் நம்பர் ஸ்க்ரூ டிரைவரால திருகினன், கொஞ்சமும் கிறுகல்ல, தலையில இருக்கிற பிளஸ் வெட்டு மட்டும் தேயத் தொடங்கிட்டு. மண்ணெண்ணெய் விட்டு ரெண்டு ராவு வச்சிப் பாத்தன், சரிவரல்ல. ஒரு கராஜுல கேட்டா ட்ரில் போட்டுத்தான் எடுக்கணும், டிஸ்க்கும் பழுதாகலாம் எண்டு சொல்லி ஒரு விலை சொன்னாங்க, எனக்கு மனசு வரல்ல. மறுகா நம்மட ஒழுங்கையில இருக்கிற வயசான மெக்கானிக் பாஸ் ஒராள் வந்து பாத்துட்டு "தம்பி, இனித் திருகாதீங்க, மிச்சமிருக்கிற தலையும் போயிரும். அடிச்சி எடுக்கிற டிரைவர் ஒண்டு வாங்குங்க" எண்டார். அண்டைக்கே போய் வாங்கினன்.

இது வேலை செய்ற விதம் எனக்கு உண்மையாவே பிடிச்சிருக்கு. உள்ளுக்க சரிவா வெட்டின ஒரு பாதை இருக்கு, பின்னால அடி விழுந்தா பிட் முன்னால தள்ளுப்பட்டுக்கொண்டே கொஞ்சம் கிறுகும். சும்மா ஸ்க்ரூ டிரைவரால பலமாத் திருகினா பிட் வெட்டுக்குள்ளால வெளியில ஏறும், தலை தேயிறது அதாலதான். இதுல அடிக்கிற அடியே பிட்டை உள்ளுக்க அமத்திப் பிடிக்கும், அந்த அதிர்வு கறளையும் உடைக்கும், அதே நேரம் திருப்பும்.

செய்யக்குள்ள நான் படிச்ச முக்கியமான விசயம், கலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் துண்டை) கழட்ட முதலே ஸ்க்ரூவை எடுத்துரணும். கலிப்பர் இருந்தாத்தான் மச்சானை உள்ளுக்க இருத்தி பிரேக்கை மிதிக்கச் சொல்லலாம், கழட்டின பிறகு டிஸ்க் சும்மா சுத்தும், அடிக்கிற அடியெல்லாம் வீண். வெட்டுக்குள்ள இருக்கிற கறளை ஒரு ஆணி முனையால சுரண்டி எடுத்துட்டு, 3ம் நம்பர் பிட்டை வச்சி, டிரைவர்ட உடம்பைக் கழட்டுற பக்கம் இறுகத் திருப்பிப் பிடிச்சிக்கொண்டு, ஒரு கிலோ சுத்தியலால நேரா அடிச்சன். மூணாவது அடிக்கு "டிக்" எண்டு ஒரு சத்தம், கை அதை உணரும், பிறகு சாதாரண ஸ்க்ரூ டிரைவராலேயே வந்திட்டு. மற்றதுக்கு ஆறு அடி. சின்ன சுத்தியலால தட்டினா ஒண்டும் நடக்காது. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க, காரை ஜாக்குல மட்டும் விடாதீங்க, ஸ்டாண்ட் வைங்க.

குறையும் சொல்லணும். பெட்டியோட வந்த பிட் மெத்து இரும்பு, ரெண்டாவது கார் செய்யக்குள்ள மூலை மழுங்கிட்டு. தனியா நல்ல பிட் வாங்கிப் போட்டன், அதுக்குப் பிறகு பிரச்சினை இல்ல. நம்மட ஊர்ல ஓடுறது கூட ஜப்பான் வாகனம், அதுல ஜேஐஎஸ் எண்டு சொல்ற ஜப்பான் தர பிளஸ் வெட்டு ஸ்க்ரூ நிறைய, தலையில சின்னப் புள்ளி ஒண்டு இருந்தா அதுதான், அதுக்குப் பொருந்தின பிட் கிடைச்சா விடாதீங்க. மற்றது கழட்டுற பக்கமா பூட்டுற பக்கமா எண்டு உடம்புல இருக்கிற எழுத்து ஒரு வருசத்துல அழிஞ்சிட்டு, பெயின்டால நானே குறி போட்டு வச்சிருக்கன், ஏனெண்டா மாறி அடிச்சா இன்னும் இறுகிரும்.

தலை முழுசாத் தேஞ்ச ஸ்க்ரூவுக்கு இது சரிவராது. பத்து அடிக்கும் அசையல்லயெண்டா நிப்பாட்டுங்க, சில்லு பேரிங்கும் அந்த அடியைத் தாங்கணும்தானே. அதுக்கு 6.5 மில்லிமீற்றர் ட்ரில்லால தலையை மட்டும் எடுத்தாப் போதும், டிஸ்க் கழண்டு வரும், மிச்சக் கட்டையை வைஸ் கிரிப்பால (கவ்வினா பூட்டி நிக்கிற குறடால) பிடிச்சித் திருகலாம். டிஸ்க்கே ஹப்போட ஒட்டிக் கிடந்தா அதுல ரெண்டு மரை ஓட்டை இருக்கும், எம்8 போல்ட் ரெண்டை மாறி மாறி இறுக்கினா தானா தள்ளிக்கொண்டு வரும். சூடாக்கிக் கழட்ட காஸ் நெருப்புப் பிடிக்கிறவங்களும் இருக்காங்க, பக்கத்துல ரப்பர் ஹோஸும் சென்சர் வயரும் இருக்கிறதால நான் செய்யமாட்டன்.

திரும்பப் பூட்டக்குள்ள புது ஸ்க்ரூ போட்டு மரைக்கு மட்டும் துளியளவு கொப்பர் கிரீஸ் பூசினன், டிஸ்க் முகத்துல படாம. இறுக்கம் 9.8 நியூட்டன் மீற்றர்தான், கையால பிடிச்சி இறுக்கினாலே காணும், சில்லு நட் பூட்டினாப் பிறகு டிஸ்க்கை அமத்திப் பிடிக்கிறது அந்த நட்டுதான். போன மாசம் பிரேக் பேட் மாத்தக்குள்ள அதே ஸ்க்ரூவைக் கழட்டிப் பாத்தன், ஒரு அடியும் அடிக்கல்ல, கையாலேயே வந்திச்சி.

வாங்கப் போறவங்க கடையிலேயே பெட்டியைத் திறந்து 3ம் நம்பர் பிட் இருக்கா எண்டு பாருங்க. முன்பக்கம் பிட் பூட்டுற இடத்துல அரை அங்குல சதுரம் இருக்கிறதா எடுங்க, அப்பதான் கறுப்பு இம்பாக்ட் சொக்கட்டும் பூட்டி நட்டுக்கும் பாவிக்கலாம்.