பெலுக்காரில் 11 வருடம்: என் குட்டை மடக்குத் துப்பாக்கி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு 4 ஏக்கர் செம்பனை இருக்கிறது. ஒரு பக்கம் பழைய ரப்பர்த் தோட்டம், மறுபக்கம் யாரும் வெட்டாமல் விட்ட பெலுக்கார், அதாவது அடர்ந்த புதர்க்காடு. மறுநடவு செய்த வருடம் இரண்டே வாரத்தில் 30 கன்றுகளுக்கு மேல் காட்டுப்பன்றிகள் குருத்தோடு தின்றுவிட்டன. அப்போதுதான் துப்பாக்கி உரிமத்துக்கு எழுதிப் போட்டேன்.

என்னிடம் இருப்பது 12 போர் (குழலின் உள்வாய் அளவு), ஒற்றைக் குழல், நடுவில் மடக்கித் திறப்பது. மலாய்க்காரர்கள் ‘செனாப்பாங் பத்தா’ என்பார்கள். குழல் 26 அங்குலம், எடை சுமார் 2.6 கிலோ.

குட்டையானதுதான் வேண்டும் என்று முடிவு செய்ததற்கு மாமாவோடு காட்டுக்குப் போன ஒரு காலைப்பொழுது காரணம். அவருடையது 30 அங்குலக் குழல் பம்ப் துப்பாக்கி, முன்பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் வகை. பத்தடி தூரத்தில் பன்றி உறுமியது. மாமா திரும்பினார், குழல் முனை பிரம்பு முள்ளில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிப்பதற்குள் பன்றி ஓடையைத் தாண்டிவிட்டது. பெலுக்காரில் 20 மீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. கிடைப்பது ஓரிரு நொடி. எடுத்த எடுப்பில் தோளுக்கு வராத துப்பாக்கி அங்கே சும்மா சுமைதான்.

கடையில் பலர் குழலின் நீளத்தை மட்டும் கேட்கிறார்கள். மொத்த நீளத்தைப் பாருங்கள். பம்ப் வகையில் குழலுக்குப் பின்னால் தோட்டா ஏறி இறங்கும் இரும்புப் பெட்டி ஒரு சாண் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மடக்குத் துப்பாக்கியில் அது கிடையாது. அதனால் ஒரே நீளக் குழல் இருந்தாலும் மடக்குத் துப்பாக்கி கைக்குக் குட்டையாக வரும். பதிலுக்கு நீங்கள் விட்டுக்கொடுப்பது இரண்டாவது வெடி. பன்றி வேட்டையில் அது சின்ன இழப்பு இல்லை, ஆனால் அடர்ந்த புதரில் இரண்டாவது வெடிக்கு எனக்கு வாய்ப்பு கிடைத்ததே அபூர்வம்.

எடை குறைவு என்றால் சுகம் என்று நினைப்பவர்களுக்கு என் தாத்தா சொன்னதைச் சொல்ல வேண்டும். 1948 ஜூன் 16-ல் எங்கள் ஊர்ப் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் அவசரகாலம் வந்ததே, அப்போது தாத்தா ஸ்பெஷல் கான்ஸ்டபிள். பட்டாளத்துக்காரர்களிடம் இருந்த குட்டை ரைபிளைப் பற்றி, “தூக்கிட்டு நடக்கப் பஞ்சு, சுட்டா கழுதை உதை” என்பார். அதுதான் லீ என்ஃபீல்டு ஐந்தாம் நம்பர், ‘ஜங்கிள் கார்பைன்’. நான்காம் நம்பர் ரைபிள் 4 கிலோவுக்கு மேல். இதை ஏறக்குறைய 3.2 கிலோவுக்குக் குறைத்து, குழலையும் 19 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக்கினார்கள். உதை தாங்க ரப்பர் அடித்தட்டும், தீப்பிழம்பை மறைக்க முனையில் கூம்பும் வைக்க வேண்டியதாயிற்று. குறி நிலையாக நிற்பதில்லை என்ற புகாரும் அதன்மேல் இருந்தது. காட்டுக்கென்றே செய்த துப்பாக்கிக்கே இந்த நிலை.

என் துப்பாக்கியும் அப்படித்தான். தோட்டா அதேதான், துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதை கூடும். முதல் மாதம் தோள் நீலம் பாய்ந்து கிடந்தது. வலிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும் பழக்கமும் வந்துவிட்டது. அதை மறக்கப் பல மாதம் ஆனது. துப்பாக்கிப் பட்டறையில் ரப்பர் அடித்தட்டு போட்டு, தோளில் பதியும் கட்டையை அரை அங்குலம் குறைத்த பிறகுதான் சரியானது. கட்டை நம் கைக்குப் பொருந்துவது குழலின் நீளத்தைவிட முக்கியம் என்பேன்.

அப்புறம், குழலை அறுத்துக் குட்டையாக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். உரிமம் போய்விடும், வழக்கும் வரும். குழல் முனையில் இருக்கும் சோக் என்ற ஒடுக்கமும் அறுபட்டுப் போய், குண்டுகள் கண்டபடி சிதறும். நான் சுடும் திடலில் 25 மீட்டரில் அட்டை வைத்துப் பார்த்தேன். எஸ்ஜி என்ற பெரிய குண்டுத் தோட்டாவின் எட்டரை மில்லிமீட்டர் குண்டுகள் பாதிச் சோக்கில் எனக்கு நம்பிக்கையாக விழுந்தது 20 மீட்டர் வரைதான். அதற்கு மேல் நான் சுடுவதில்லை. காயப்பட்டு ஓடும் பன்றி மிருகத்துக்கும் வேதனை, அடுத்த நாள் அங்கே மட்டை வெட்டப் போகிறவருக்கும் ஆபத்து.

பெரிய குண்டு என்றால் புதரைப் பிய்த்துக்கொண்டு போகும் என்பதை நம்பாதீர்கள். செம்பனை மட்டையில் பட்டால் எந்தக் குண்டும் திசை மாறும். இடைவெளி தெரிந்தால் சுடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ரைபிள் ஏன் வேண்டாம் என்றால், அதன் குண்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் போகக்கூடியது, எங்கள் லயன் வீடுகளோ (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒரு கிலோமீட்டர் தூரத்தில்கூட இல்லை.

குட்டைத் துப்பாக்கியின் பெரிய குறை வேறு. லேசாகக் கையில் சுழல்வதால் குழல் முனை தெரியாமலே பக்கத்தில் வருபவர் பக்கம் போய்விடும். “மாப்ள, குழல் எங்க பாக்குது?” என்று மாமா எத்தனை முறை கேட்டிருப்பார்! இப்போது வாய்க்கால் தாண்டும்போதும் வேலி ஏறும்போதும் தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியை மடக்கித் திறந்தே பிடிக்கிறேன். காலியாக இருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

பராமரிப்பில் ஒரே எதிரி ஈரம். மூன்றாவது வருட மழைக்காலத்தில் ஒருமுறை துடைக்காமல் வைத்துவிட்டேன். விசை ஊசியின் ஸ்பிரிங் துருப்பிடித்து, அடுத்த முறை ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை வியர்வையைத் துடைத்து மெல்லிய எண்ணெய் தடவுவது. தோல் உறையில் வைப்பதில்லை, தோல் ஈரத்தை இழுக்கும்.

போலீஸ் உரிமம் ஒன்று, பன்றி சுட வனவிலங்குத் துறை உரிமம் தனி. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதுவும் கையில் இருக்க வேண்டும்.

போன மாதம் மாமா தன் 30 அங்குலத்தைக் கொடுத்துவிட்டு இதே மாதிரி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டார். ரப்பர் அடித்தட்டை முதலிலேயே போடச் சொல்லியிருக்கிறேன்.